சத்தம் போட்டுப் படிப்பது – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

என் மகள் பிளஸ் டூ படிக்கிறாள், தமிழ் வழி. காலை நாலரைக்கு எழுந்து படிக்கிற பிள்ளை. சத்தமாகப் படிக்கச் சொல்லியிருக்கிறேன், சமையலறையில் இருந்தே எனக்குக் கேட்கும். அரையாண்டு இயற்பியல் தேர்வு எழுதிவிட்டு வந்து, "எழுபதுக்கு அறுபது வந்துடும்மா" என்றாள். வந்தது 38. அவள் பொய் சொல்கிற பிள்ளை இல்லை. கேட்டால், "எல்லாம் தெரிஞ்சதுதாம்மா, எழுதும்போது வரல" என்று அழுகிறாள். என் அக்கா மகன் இவள் அளவுக்குப் படிப்பதே இல்லை, 65 வாங்குகிறான். திருத்தியதில் தவறு இருக்குமா? இவளுக்கு ஞாபக சக்தி குறைவா? வல்லாரை மாத்திரை கொடுக்கலாமா? காலையில் படிப்பது நல்லதா, இரவிலா? டியூஷனை மாற்றிவிடலாமா? மார்ச்சுக்கு இரண்டு மாதம்தான் இருக்கிறது.

கே., நாமக்கல்

அன்புள்ள கே. அவர்களுக்கு,

"அவள் பொய் சொல்கிற பிள்ளை இல்லை" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரிக்காகத்தான் உடனே பதில் எழுத உட்கார்ந்தேன். ஒவ்வொரு ஆண்டும் பொதுத்தேர்வு முடிவு வந்த சில நாட்களில் விடைத்தாள் நகலுக்கும் மறுகூட்டலுக்கும் விண்ணப்பிக்கக் கூட்டம் கூடுகிறது. அதில் சிலருக்கு மதிப்பெண் கூடத்தான் செய்கிறது. பெரும்பாலோர் நகலை வாங்கிப் பார்த்துவிட்டுப் பேசாமல் போய்விடுகிறார்கள். அத்தனை பிள்ளைகளும் வீட்டில் பொய் சொன்னவர்களா? இல்லை. உங்கள் மகளும் சொல்லவில்லை. தேர்வு முடிந்து வாசலுக்கு வந்தபோது அவளுக்கு அறுபது வரும் என்றுதான் உண்மையாகவே தோன்றியிருக்கும். தனக்கு எவ்வளவு தெரியும் என்று கணக்குப் போட அவளிடம் இருந்த அளவுகோல்தான் தவறு. அந்த அளவுகோலை அவள் கையில் கொடுத்ததில் உங்களுக்கும் பங்கு உண்டு, அம்மா. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

சின்னக் கேள்விகளை முதலில் முடித்துவிடுகிறேன். வல்லாரை நல்ல கீரை, துவையல் அரைத்துக் கொடுங்கள். மாத்திரை வேண்டாம். காலையா இரவா என்பது பெரிய விஷயமே இல்லை. நாலரைக்கு எழுகிற பிள்ளை எத்தனை மணிக்குப் படுக்கிறாள் என்று நீங்கள் எழுதவில்லை. பதின்வயதுப் பிள்ளைக்கு எட்டு மணி நேரத் தூக்கம் வேண்டும். பத்தரைக்குப் படுத்தால் ஆறரை வரை தூங்கட்டும். ஞாபக சக்தி குறைவு என்று சொல்ல உங்கள் கடிதத்தில் ஓர் ஆதாரமும் இல்லை. அக்கா மகன் பேச்சை இத்தோடு விட்டுவிடுங்கள். அதை அவள் காதுபடச் சொல்லியிருந்தீர்களானால் இன்றைக்கே நிறுத்துங்கள். அவன் எப்படிப் படிக்கிறான் என்று உங்களுக்குத் தெரியாது, எவ்வளவு நேரம் உட்கார்ந்திருக்கிறான் என்பதுதான் தெரியும்.

இனி அந்தச் சத்தம்.

நம் வீடுகளில் படிப்பு என்றால் அது காதில் விழவேண்டும். சத்தம் நின்றால், "என்ன, தூங்கிட்டியா?" என்று உள்ளிருந்து ஒரு குரல் வரும். பிள்ளையும் இதைத் தெரிந்துகொண்டு இடைவிடாமல் படிக்கும். ஆனால் நினைவிலிருந்து ஒன்றை எடுக்க முயலும்போது மனிதர்கள் பேசுவதில்லை. மேலே பார்ப்பார்கள், பேனாவைக் கடிப்பார்கள், இரண்டு நிமிடம் ஒன்றுமே நடக்காதது போல இருக்கும். அந்த நேரத்தில்தான் வேலை நடக்கிறது. நீங்கள் தூங்குகிறாயா என்று அதட்டி நிறுத்துவது அந்த வேலையைத்தான்.

வாய்விட்டுப் படிப்பதில் பயனே இல்லை என்று சொல்ல மாட்டேன். மௌனமாகப் படித்த சொற்களைவிட உரக்கப் படித்த சொற்கள் கொஞ்சம் கூடுதலாக நினைவில் நிற்கின்றன, இது சோதித்து அறிந்தது. ஆனால் புத்தகம் திறந்திருக்கும்வரை அது படிப்பு மட்டும்தான். நம் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் எண்சுவடியைப் பாடம் பண்ணிய பிள்ளை, சுவடி கையில் இல்லாமல் சட்டாம்பிள்ளை முன் நின்று ஒப்பித்தாக வேண்டும். படிப்பதும் ஒப்பிப்பதும் அன்று சேர்ந்தே நடந்தன. நாம் முதல் பாதியை வைத்துக்கொண்டு இரண்டாம் பாதியைக் கைவிட்டுவிட்டோம்.

செயின்ட் லூயிஸ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் உளவியல் ஆய்வாளர்கள் ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்பிக்கியும் 2006இல் வெளியிட்ட ஒரு சோதனை உண்டு. மாணவர்களிடம் சூரியனைப் பற்றியும் கடல் நீர்நாயைப் பற்றியும் சின்னச் சின்னக் கட்டுரைகள் கொடுத்தார்கள். ஒரு குழு அதையே நான்கு முறை, ஒவ்வொன்றும் ஐந்து நிமிடம், படித்தது. இன்னொரு குழு ஒரு முறை மட்டும் படித்துவிட்டு, அடுத்த மூன்று முறையும் பார்க்காமல் எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது படித்தே பழகியவர்கள் 83 சதவீதம், எழுதிப் பார்த்தவர்கள் 71. ஒரு வாரம் கழித்து முதல் குழு 40, இரண்டாம் குழு 61. இதைப் பலரும் மேற்கோள் காட்டுகிறார்கள். அதே சோதனையின் இன்னொரு பகுதியைத்தான் அதிகம் பேர் சொல்வதில்லை. 'ஒரு வாரத்துக்குப் பிறகு எவ்வளவு நினைவிருக்கும்?' என்று மாணவர்களிடமே முன்கூட்டிக் கேட்டார்கள். அதிகமாக நினைவிருக்கும் என்று சொன்னது நான்கு முறை படித்த குழு. அதாவது மிகவும் மறக்கப்போகிறவர்களுக்குத்தான் நம்பிக்கை மிகுதி.

உங்கள் மகளின் அறுபது அங்கிருந்து வந்ததுதான். நாலாவது முறை படிக்கும்போது வரிகள் வழுக்கிக்கொண்டு போகும். அந்த வழுக்கலைத்தான் மனம் 'தெரியும்' என்று எடுத்துக்கொள்கிறது. புத்தகத்தைத் திறந்துவைத்துக்கொண்டு எனக்குத் தெரியுமா என்று பார்ப்பது, காய்ச்சல்காரர் தன் நெற்றியைத் தன் கையாலேயே தொட்டுப் பார்ப்பது போன்றது.

ஒரே ஒரு வினாவை எடுத்துக் காட்டுகிறேன். பிளஸ் டூ இயற்பியல் முதல் அலகு: மின் இருமுனையின் (ஒரு நேர் மின்னூட்டமும் அதே அளவு எதிர் மின்னூட்டமும் சேர்ந்த இணை) அச்சுக்கோட்டில் உள்ள ஒரு புள்ளியில் மின்புலம். ஐந்து மதிப்பெண் வினா. படிக்கும்போது ஒவ்வொரு வரியும் அடுத்த வரியைத் தானே எடுத்துக் கொடுக்கும். வெள்ளைத்தாளில் எழுதச் சொல்லிப் பாருங்கள். முதல் தடுமாற்றம் படத்திலேயே வரும். இருமுனையின் மையத்திலிருந்து புள்ளிக்குத் தொலைவு ஆர், இரண்டு மின்னூட்டங்களுக்கும் இடையே தொலைவு இரண்டு ஏ. ஆகவே நேர் மின்னூட்டத்திலிருந்து புள்ளிக்கு ஆர் கழித்தல் ஏ, எதிர் மின்னூட்டத்திலிருந்து ஆர் கூட்டல் ஏ. படத்தை வரையாமல் பார்த்தே பழகிய பிள்ளை இதை மாற்றிப் போட்டுவிடும். அடுத்தது, இரண்டு புலங்களும் எதிரெதிர்த் திசையில் இருப்பதால் கழிக்க வேண்டும். கழித்தால் மேலே நான்கு ஆர் ஏ வரும், கீழே ஆர் வர்க்கம் கழித்தல் ஏ வர்க்கம், அந்த முழுமைக்கும் வர்க்கம். பல கைடுகள் இந்தப் படியை ஒரே வரியில் தாண்டிவிடுகின்றன. படிக்கிற கண்ணும் கூடவே தாண்டிவிடும். எழுதுகிற பேனா இங்கேதான் நின்றுபோகும். பிறகு, ஆரோடு ஒப்பிட ஏ மிகச் சிறியது, அதனால் ஏ வர்க்கத்தை விட்டுவிடுகிறோம் என்ற காரணத்தை எழுத்தில் போட வேண்டும். முடிவில் மேலே இரண்டு பி (பி என்பது இருமுனைத் திருப்புத்திறன்), கீழே ஆரின் கனம், திசை அந்தத் திருப்புத்திறனின் திசை. நடுவரைத் தளத்துக்கான வினாவில் அந்த இரண்டு இல்லை, திசையும் நேர் எதிர். இரண்டு வினாக்களையும் ஒரே காலையில் அடுத்தடுத்துச் சத்தமாகப் படித்த பிள்ளை, தேர்வில் ஒன்றின் முடிவை மற்றொன்றுக்கு எழுதிவிட்டு, ஐந்துக்கு ஐந்து என்று கணக்கில் வைத்துக்கொண்டு வெளியே வரும். 'தெரிஞ்சதுதான், எழுதும்போது வரல' என்று அவள் சொல்வது இதைத்தான்.

அப்படியானால் என்ன செய்வது? பார்க்காமல் எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். அது பாதிதான். எழுதுவதற்கு முன்னால் அவள் ஓர் எண்ணைக் குறித்துவைக்க வேண்டும். எவ்வளவு நேரம் எடுத்தாலும் பரவாயில்லை என்று நான் விரித்துச் சொல்லப்போவது இந்த ஒன்றைத்தான்.

இன்று மாலை ஒரு பகுதியைப் படிக்கிறாள். இன்றைக்கே எழுதிப் பார்க்க வேண்டாம், நாளை மாலை. ஒரு வெள்ளைத்தாளில் வினாக்களை மட்டும் நீங்களோ அவள் தம்பியோ எழுதிக் கொடுங்கள். விடை கண்ணில் படக்கூடாது. ஒவ்வொரு வினாவுக்கும் எதிரே, ஐந்துக்கு நான்கு, மூன்றுக்கு மூன்று என்று தனக்கு எவ்வளவு வரும் என்பதை அவள் பேனாவால் எழுதட்டும். பென்சில் கூடாது. அதற்குப் பிறகுதான் விடை எழுதத் தொடங்க வேண்டும்.

ஏன் மறுநாள், ஏன் வினா மட்டும்? தாமஸ் நெல்சனும் ஜான் டன்லாஸ்கியும் 1991இல் காட்டியது இது. படித்த கையோடு 'இது நினைவிருக்குமா?' என்று மதிப்பிட்டால் அந்த மதிப்பீடு மோசமாகத் தவறுகிறது. கொஞ்ச நேரம் விட்டு, கேள்விச் சொல்லை மட்டும் பார்த்து மதிப்பிட்டால் வியக்கத்தக்க அளவுக்குச் சரியாக இருக்கிறது. பதிலும் கூடவே கண்ணில் பட்டால் அந்த நன்மை பெரும்பாலும் போய்விடுகிறது. 'விடையை ஒரு தடவை பாத்துட்டு எழுதுறேம்மா' என்று கெஞ்சுவாள். விடாதீர்கள்.

எழுதி முடித்ததும் திருத்துவது அவளே. இங்கேதான் பெரும்பாலான வீடுகளில் காரியம் கெட்டுப்போகிறது. புத்தகத்தைத் திறந்து விடையைப் பார்த்ததும், 'ஆமா, இதைத்தான் எழுதியிருக்கேன்' என்று டிக் போட்டுக்கொள்வார்கள். கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் டன்லாஸ்கியும் கேத்ரின் ராசனும் செய்த சோதனைகளில், சரியான விடை பக்கத்திலேயே இருந்தும் மாணவர்கள் தங்கள் தவறான விடைக்கு மதிப்பெண் போட்டுக்கொண்டார்கள். விடையைக் கருத்துக் கருத்தாகப் பிரித்து, இது இருக்கிறதா, அது இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வைத்தபோது அது குறைந்தது. ஆகவே திருத்துவதற்கு முன் விடையை உடைத்துக்கொள்ள வேண்டும். மேலே சொன்ன வினாவுக்குப் படமும் தொலைவுக் குறியீடுகளும் ஒன்று, இரண்டு தனிப்புலச் சமன்பாடுகள் ஒன்று, கழித்துச் சுருக்கிய படி ஒன்று, ஏ வர்க்கத்தை விட்டதற்கான காரணம் ஒன்று, முடிவும் திசையும் ஒன்று. இது அரசு விடைக்குறிப்பு அல்ல, வீட்டுக்கான கணக்கு. ஒரு கருத்து முழுதாக இருந்தால் ஒன்று, இல்லாவிட்டால் சுழி. அரை மதிப்பெண் கிடையாது. 'கிட்டத்தட்ட சரி' என்ற இடத்தில்தான் 38 அறுபதாகத் தெரியத் தொடங்குகிறது.

கடைசியாக ஒரு நோட்டு. நான்கு பத்தி: தேதி, வினா, நினைத்தது, வந்தது. நினைத்ததையும் வந்ததையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதுவது அவசியம், வெவ்வேறு தாளில் கிடந்தால் பயனில்லை. டக்ளஸ் ஹேக்கரும் குழுவினரும் 2000இல் வெளியிட்ட ஆய்வில், வகுப்புத் தேர்வுகளுக்கு முன் மாணவர்களைத் தங்கள் மதிப்பெண்ணை யூகிக்கச் சொன்னார்கள். நன்றாக எழுதுகிறவர்களின் யூகம் சரியாக இருந்தது, போகப்போக இன்னும் மேம்பட்டது. பின்தங்கியவர்கள் ஒவ்வொரு முறையும் கூடுதலாகவே யூகித்தார்கள். மாணவர்களின் அடுத்த யூகத்தைத் தீர்மானித்தது போன தேர்வில் வாங்கிய மதிப்பெண் அல்ல, போன முறை யூகித்த எண். வந்த மதிப்பெண் மனதில் பதியவே இல்லை. அடுத்த தேர்வுக்கும் உங்கள் மகள் அறுபது என்றுதான் சொல்வாள், அதில் ஆச்சரியம் இல்லை. வெறுமனே யூகித்துக்கொண்டே இருந்தால் இது மாறாது. இடைவெளி கண்ணெதிரே மையில் இருக்க வேண்டும், அடுத்த யூகத்தை எழுதும் முன் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்க்க வேண்டும்.

அந்த நோட்டை வைத்து அவளைத் திட்டினீர்களென்றால் எல்லாம் வீண். இரண்டாவது நாளே ஐந்துக்கு இரண்டு என்று குறைத்து எழுதத் தொடங்கிவிடுவாள், வசவிலிருந்து தப்பிக்க. பிறகு அந்த எண்ணுக்கு அர்த்தமே இருக்காது. முதல் வாரம் இடைவெளி பெரிதாகத்தான் இருக்கும். பிள்ளை உடைந்துபோவாள், அழுவாள். பக்கத்தில் உட்கார்ந்து ஒரு டம்ளர் பால் கொடுங்கள், ஒன்றும் சொல்லாதீர்கள். நோட்டில் நீங்கள் பார்க்க வேண்டியது வந்த மதிப்பெண்ணை அல்ல, இரண்டு எண்களும் நெருங்குகின்றனவா என்பதை மட்டும்தான்.

ஒரு நாளைக்கு எவ்வளவு? ஐந்து மதிப்பெண் இரண்டு, மூன்று மதிப்பெண் நான்கு, இரண்டு மதிப்பெண் நான்கு, ஆக முப்பது மதிப்பெண். இயற்பியல் தாள் எழுபதுக்கு மூன்று மணி நேரம் என்றால் ஒரு மதிப்பெண்ணுக்குச் சுமார் இரண்டரை நிமிடம். முப்பதுக்கு ஒன்றேகால் மணி நேரம். கடிகாரம் பார்த்து நிறுத்திவிடுங்கள்.

ஒரு முறை சரியாக எழுதிவிட்டால் அந்த வினாவை அடித்துவிட்டு அடுத்ததற்குப் போகத் தோன்றும். இதுவும் வழக்கமான தவறு. ரோடிகரும் கார்பிக்கியும் 2008இல் 40 சுவாஹிலிச் சொற்களை வைத்துச் சோதித்தார்கள். ஒரு முறை சரியாகச் சொன்ன பிறகும் தொடர்ந்து சோதிக்கப்பட்டவர்களுக்கு ஒரு வாரம் கழித்து 80 சதவீதம் நினைவிருந்தது. சரியாகச் சொன்னதும் அந்தச் சொல்லைச் சோதனையிலிருந்து நீக்கிவிட்டவர்களுக்கு மூன்றில் ஒரு பங்குதான். எவ்வளவு நினைவிருக்கும் என்று முன்கூட்டிக் கேட்டபோது எல்லாக் குழுக்களும் ஏறக்குறைய பாதி என்றே சொன்னார்கள். எந்த முறை வேலை செய்கிறது என்று செய்தவர்களுக்கே தெரியவில்லை. ஆகவே சரியாக வந்த வினாவும் மூன்று நாள் கழித்து ஒரு முறை, பத்து நாள் கழித்து ஒரு முறை திரும்ப வரட்டும். மூன்று வெவ்வேறு நாளில் முழு மதிப்பெண் வந்தால்தான் அது தெரிந்த வினா.

ஒரு மதிப்பெண் வினாக்கள் பதினைந்துக்கும் வேறு வழி. நான்கு விடைகளையும் கையால் மறைத்துவிட்டு, விடையை முதலில் சொல்லச் சொல்லுங்கள், பிறகு திறக்கட்டும். கைடில் 'இந்தக் கேள்விக்கு ஆ' என்று எழுத்தை மனப்பாடம் செய்த பிள்ளை, வரிசை மாறினாலோ எண் மாறினாலோ விழுந்துவிடும்.

நீங்கள் கேட்காத கணக்குப் பாடத்துக்கு ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். ஒரே பயிற்சியில் உள்ள பத்துக் கணக்கை வரிசையாகப் போடுவதில் இதே ஏமாற்று இருக்கிறது. எந்த வழியில் போடுவது என்பது பயிற்சியின் தலைப்பிலேயே எழுதியிருக்கிறது, பிறகு யோசிக்க என்ன இருக்கிறது? டக் ரோரரும் கெல்லி டெய்லரும் 2007இல் வெளியிட்ட சோதனையில், கன அளவு கண்டுபிடிக்கும் கணக்குகளை ஒரு வகையை முடித்துவிட்டு அடுத்த வகை என்று போட்டவர்கள் பயிற்சியின்போது 89 சதவீதம் சரியாகப் போட்டார்கள், கலந்து போட்டவர்கள் 60. ஒரு வாரம் கழித்து நடந்த தேர்வில் முதல் வகையினர் 20, கலந்து போட்டவர்கள் 63. முடித்த பாடங்களிலிருந்து கணக்குகளைச் சீட்டில் எழுதி ஒரு டப்பாவில் போட்டு, குலுக்கி எடுக்கச் சொல்லுங்கள். கலப்பு எண்ணுக்கு அடுத்து வகைக்கெழு, அதற்கடுத்து அணி என்று வரட்டும். தினமும் பாதிதான் சரியாக வருகிறதே என்று பதறுவாள். பதற வேண்டாம் என்று முன்பே சொல்லி வையுங்கள்.

டியூஷன். மாற்றுவதற்கு முன் அங்கே எப்படி டெஸ்ட் வைக்கிறார்கள் என்று விசாரியுங்கள். மாலை ஆறு மணிக்கு நடத்தியதை ஏழரைக்கு டெஸ்ட் வைத்து, ஐம்பதுக்கு 48 என்று உங்கள் செல்போனுக்கு அனுப்புகிறார்கள் என்றால், அது மேலே சொன்ன ஐந்து நிமிடச் சோதனைதான். அந்த 48தான் அவளை அறுபது என்று நம்ப வைத்ததில் பாதி. போன வாரம் நடத்தியதை இந்த வாரம், முன்னறிவிப்பு இல்லாமல் வைக்க முடியுமா என்று கேளுங்கள். முடியும் என்றால் அங்கேயே இருக்கட்டும். மதிப்பெண் குறைகிறது, பெற்றோர் சண்டைக்கு வருகிறார்கள் என்று அவர்கள் தயங்கினால், நீங்கள் வரமாட்டீர்கள் என்று உறுதி கொடுங்கள்.

திருத்தியதில் தவறா என்று கேட்டிருந்தீர்கள். அரையாண்டு விடைத்தாள் வீட்டில்தானே இருக்கிறது? இந்த ஞாயிற்றுக்கிழமை அதே வினாத்தாளை எடுத்து, எழுதிய விடைகளைப் பார்க்காமல், ஒவ்வொரு வினாவுக்கும் எவ்வளவு வரும் என்று அவளை எழுதச் சொல்லுங்கள். பிறகு விடைத்தாளைக் கருத்துக் கருத்தாக அவளே திருத்தட்டும். அவள் போட்ட கூட்டுத்தொகை 38ஐவிட நான்கைந்து கூடியிருந்தால் பள்ளியில் காட்டிக் கேளுங்கள், கேட்பதில் தவறில்லை. எந்த வினாவில் யூகத்துக்கும் திருத்தலுக்கும் மூன்று மதிப்பெண்ணுக்கு மேல் இடைவெளி இருக்கிறதோ, திங்கட்கிழமை அந்த வினாவிலிருந்து தொடங்குங்கள்.

அன்புடன்